அலைச் செய்தியும் அடம் பிடிக்கும் பிள்ளையும்



ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் கரையில் விடியுமுன் வள்ளம் தள்ளுகிறவர் இன்று வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கைப்பேசியை எடுத்துக் காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்றும் பார்த்துக்கொள்கிறார். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கணித்துச் சொல்லும் செய்தி அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலி அதைத் தமிழில் கைக்குள் கொண்டுவந்தது. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை 90.4' சமுதாய வானொலி மீனவர் பேச்சிலேயே கடலைப் பற்றிப் பேசுகிறது. கருவியை நம்பலாமா என்ற கேள்வியை இந்தக் கரை எப்போதோ கடந்துவிட்டது.

அதே கைப்பேசிக்கு வீட்டுக்குள் இன்னொரு வேலையும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை சோற்றுக்கு வாய் திறக்க மாட்டேன் என்கிறது. கைப்பேசியில் ஒரு வீடியோ ஓடுகிறது, வாய் திறக்கிறது. ஆறு வயதுப் பையன் கடைத்தெருவில் தரையில் விழுந்து புரள்கிறான். கைப்பேசி கைக்கு வருகிறது, அழுகை நிற்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டில் பாடத்துக்காகவென்று பிள்ளைகள் கைக்குப் போன கைப்பேசி, பல வீடுகளில் திரும்பி வரவில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. பிள்ளையை அடக்கக் கைப்பேசி கொடுப்பது நல்லதில்லை என்பது இங்கே எல்லாத் தாய்க்கும் தெரியும். ஆனால் வேறு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த உரை அந்த 'வேறு என்ன' பற்றியது. பிள்ளையின் கையில் இருக்கும் கைப்பேசியைப் பெற்றவரின் கைக்கு மாற்றி, அதன் வழியாகப் பெற்றவருக்குக் கற்றுத்தர முடியுமா? உலகத்தின் பல மூலைகளில் செய்து பார்த்திருக்கிறார்கள், முடிந்திருக்கிறது. கருவிக்குப் பின்னால் ஒரு மனிதக் குரல் இருந்த இடங்களில் அது நன்றாகவே முடிந்திருக்கிறது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. சேட்டை என்பது வேறு, அடம் என்பது வேறு. ஓடுவது, ஏறுவது, உடைப்பது, கேள்வி கேட்டே ஆளை ஓய்த்துவிடுவது எல்லாம் சேட்டை. அதில்லாத பிள்ளையைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டு, மூன்று வயதில் அடம்கூட வளர்ச்சியின் ஒரு படிதான்; 'எனக்கு' என்று ஒரு விருப்பம் இருப்பதை அந்த வயதில்தான் பிள்ளை கண்டுபிடிக்கிறது. கவனிக்க வேண்டியது, மாதக்கணக்கில் தொடர்ந்து, வீட்டிலும் வெளியிலும், அடிப்பது, கடிப்பது, பொருளை எறிவது, எதைச் சொன்னாலும் எதிர்ப்பது என்று நீளும்போதுதான். அந்தப் பிள்ளையை ஊர் 'அடங்காப்பிடாரி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. தாயை 'வளர்க்கத் தெரியாதவ' என்று இன்னொரு சொல்லில் முடித்துவிடுகிறது. இரண்டுமே அநியாயமான சொற்கள்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, தாயும் பிள்ளையும் நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்கிறார்கள் என்று குறிக்கச் செய்தார். 1982-இல் அவர் நூலாக வெளியிட்ட விளக்கம், பெட்டிக்கடை வாசலில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்னதுபோல் இருக்கும். பிள்ளை மிட்டாய் கேட்கிறது. தாய் இல்லை என்கிறார். பிள்ளை சிணுங்குகிறது, தாய் அதட்டுகிறார். பிள்ளை கத்துகிறது; நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று தாயும் கற்றுக்கொள்கிறார். அடுத்த நாள் சிணுங்கல் இல்லாமல் நேரே கத்தலில் தொடங்குகிறது. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமலே பாடம் நடத்துகிறார்கள். ஒரு நாள் கொடுப்பதற்குப் பதில் கை ஓங்குகிறது. அடி விழுந்ததும் சத்தம் நிற்கிறது, ஆகவே அடியும் ஒரு பழக்கமாகிறது. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி பிறகு அந்தப் பழக்கத்துக்குத் துணைக்கு வருகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்தது. வீட்டுக்குள் அடி நிற்க வேண்டுமானால், அதன் இடத்தில் வைக்க வேறொன்று தாயிடம் இருக்க வேண்டும்.

அந்த வேறொன்றைத்தான் பெற்றோர் பயிற்சி தருகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெயர் மாறி மாறி வந்த திட்டங்களின் சாரம் ஏறத்தாழ ஒன்றே. தினம் சில நிமிடம், பிள்ளை தலைமை தாங்கும் விளையாட்டில் பெரியவர் கூட உட்கார வேண்டும். திருத்தமும் கேள்வியும் கூடாது. நல்லது செய்தால் அந்தச் செயலின் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்: 'சமத்து' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'செருப்பை ஓரமா விட்டியே, நல்லா இருக்கு' என்பது பிள்ளைக்குப் புரியும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை; பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, குரல் உயர்த்தாமல். ஆபத்தில்லாத சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடுவது. நிறுத்திய நொடியில் கவனிப்பது. மீறினால் முன்கூட்டியே சொல்லிவைத்த சிறிய விளைவு, கோபமில்லாமல்.

கேட்க எளிது, செய்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கியதும் அது குறைவதில்லை; முதல் சில நாட்கள் கூடுகிறது. இதுவரை திறந்த கதவு ஏன் திறக்கவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கிறது. 'இதெல்லாம் நம்ம புள்ளைக்கு ஒத்து வராது' என்று தாய் கைவிடுவது அந்த மூன்றாம் நாளில்தான். அன்றைக்கு யாராவது ஒருவர், 'இது இப்படித்தான் இருக்கும், இன்னும் நாலு நாள் பொறுங்க' என்று சொல்ல வேண்டும். பயிற்சி வென்றதா தோற்றதா என்பது பல வீடுகளில் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது.

அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆள் எங்கே? பெருநகரத்தில் வாரம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் உட்காரலாம். உப்பளத்துக்கு விடியுமுன் போகும் தாய், கடலில் பாசி எடுக்கப் போகும் தாய், கணவர் வளைகுடா நாட்டில் இருக்க மூன்று பிள்ளைகளையும் மாமியாரையும் தனியே பார்த்துக்கொள்ளும் தாய், இவர்களில் யார் வாரா வாரம் பஸ் ஏறி ராமநாதபுரம் போய் வர முடியும்? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். வகுப்பு வீட்டுக்கு வந்தால்தான் உண்டு.

வகுப்பு வீட்டுக்கு வந்த கதை ஒரு காதுக் கருவியில் தொடங்குகிறது. 1970-களில் ஷீலா ஐபெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறையில், தாயும் பிள்ளையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பயிற்சியாளர் உட்கார்ந்து, தாயின் காதில் மாட்டிய சிறு கருவி வழியாக, 'இப்போது பாராட்டுங்கள்', 'இதை விட்டுவிடுங்கள்' என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பார். பிரசவ அறையில் தலைமாட்டில் நின்று தைரியம் சொல்லும் மூத்த பெண்மணியைப் போன்ற குரல் அது. பிறகு ஜொனாதன் கோமர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் அந்தக் கண்ணாடிச் சுவரை எடுத்துவிட்டுக் கணினி கேமராவை வைத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான பிள்ளைகள் இருந்த 40 குடும்பங்களில் ஒரு பகுதியினர் மருத்துவமனைக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாகப் பயிற்சி பெற்றார்கள். 2017-இல் வெளியான முடிவு: வீட்டில் பெற்றவர்கள் எந்த வகையிலும் பின்தங்கவில்லை.

பின்லாந்தின் அனுபவம் இதைவிடப் பெரியது. துர்கு பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே சௌராந்தர் குழுவினர், நோயாளிகள் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நான்கு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே நடக்கும் வழக்கமான உடல்நலப் பரிசோதனையிலேயே பெற்றோரிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 4,656 பிள்ளைகளில் 730 பேரின் நடத்தை கவலை தரும் அளவில் இருந்தது. 464 குடும்பங்கள் ஆய்வில் சேர்ந்தன. பாதிப் பேருக்கு 11 வாரப் பயிற்சி. பாடம் இணையதளத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் பயிற்சியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 'இந்த வாரம் என்ன செய்தீர்கள், எங்கே சிக்கியது' என்று பேசினார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெற்ற வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. தூக்கச் சிக்கலும் பதற்றமும்கூடக் குறைந்திருந்தன. கனடாவில் பாட்ரிக் மெக்ராத் தொலைபேசி வழியே வளர்த்த பயிற்சி முறைதான் இதற்கு அடிப்படை.

இணையதளம் மட்டும் போதுமென்றால் அந்த வாராந்திர அழைப்புக்குச் செலவு செய்திருக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் பள்ளத்தைத் தாண்ட வைத்தது அந்த அழைப்பு.

பின்லாந்து பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட முடியாது. ஏழை நாடுகளுக்கென்றே உலகச் சுகாதார நிறுவனம், யூனிசெஃப், ஆக்ஸ்ஃபோர்டு, கேப் டவுன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய பெற்றோர் பயிற்சிதான் 'பேரன்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த்'. 2020 பெருந்தொற்றின்போது அதன் குறிப்புகள் ஒற்றைத்தாள் அளவில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயின. பிறகு அதே பாடம் 'பேரன்ட்டெக்ஸ்ட்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் உரையாடும் வடிவம் எடுத்தது. பெற்றவர் பிள்ளையின் வயதைச் சொன்னால் அதற்கேற்ற சிறு பாடம் தினமும் வரும். பெரிய செயலியை இறக்க வேண்டாம், விலை உயர்ந்த கைப்பேசி வேண்டாம்.

இந்தியாவில் இதற்கு மிக நெருங்கிய முன்னோடி, மும்பையின் ஆர்மன் அமைப்பு தொடங்கிய 'எம்-மித்ரா'. கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மார்களுக்கும் அவரவர் மொழியில், அவரவர் சொல்லும் நேரத்தில், பதிவு செய்த குரல் அழைப்பு வரும். எழுத்துத் தெரியாதவரும் கேட்கலாம். நாளாக ஆகச் சில தாய்மார்கள் அழைப்பை எடுக்காமல் விட்டார்கள். அப்போது அந்த அமைப்பு கூகுள் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, யார் விலகப் போகிறார்கள் என்று செயற்கை நுண்ணறிவால் முன்கூட்டியே கணித்தது. கணித்துவிட்டு என்ன செய்தது என்பதுதான் முக்கியம்: அந்தத் தாய்மார்களுக்கு ஊழியர் ஒருவரை நேரே பேச வைத்தது.

கருவிக்குப் பின்னால் ஒரு மனிதக் குரல் வேண்டும் என்ற இந்தப் பாடத்தைப் படிக்கத் தமிழ்க்கரை மும்பை வரைகூடப் போக வேண்டியதில்லை. 1990-களின் இறுதியில் புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் சுவாமிநாதன் நிறுவனம் தகவல் மையம் அமைத்தபோது, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த அலை உயரக் கணிப்பை ஊர்க்காரர்களே எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கை, தகவல் மையத்து ஒலிபெருக்கி வழியே ஊரைக் காப்பாற்றியது. தொலைவிலிருந்து வந்த செய்தியைத் தன் ஊர்க்குரல் ஒன்று சொன்னதால் மக்கள் ஓடினார்கள்.

மனநலத்திலும் தமிழ்நாடு இதைச் செய்திருக்கிறது. மருத்துவர் எம். சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் திரை, திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர், பேருந்திலேயே மருந்து. கூட்டிவரவும், பிறகு வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் உள்ளூர்ப் பணியாளர்கள்.

இந்தக் கரையில் 'மனநலம்' லேசான சொல் அல்ல. வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில்தான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். அதன் பிறகுதான் ராமநாதபுரத்துக்கு மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. அந்த நினைவு இருக்கும் ஊரில், 'பிள்ளையின் நடத்தைக்கு ஆலோசனை கேளுங்கள்' என்றால் தாய்க்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். அடம் பிடிப்பது மனநோய் அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல், அடுப்படியில் நின்றபடி காதில் வைத்துக் கேட்கக்கூடிய ஒரு குரல், இங்கே மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

அந்தக் குரல் எந்தத் தமிழில் பேச வேண்டும்? 'இணக்கமற்ற நடத்தையைப் புறக்கணிக்கவும்' என்று செய்தி வந்தால் ஒருவரும் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள். 'புள்ள சிணுங்குனா காது கேக்காத மாதிரி இருங்கக்கா. நிறுத்துன அந்த நிமிஷமே திரும்பிப் பாருங்க' என்று வந்தால் மாமியாரும் பக்கத்தில் வந்து கேட்பார். மாமியார் கேட்பது அவசியம். தாய் கண்டுகொள்ளாமல் விட்ட அடத்துக்குப் பாட்டி மிட்டாய் கொடுத்தால் பயிற்சி அங்கேயே முடிந்தது. அதனால் செய்தி இருவருக்கும் போக வேண்டும்.

எழுத்தைவிடக் குரல் நல்லது என்பதற்குக் கணக்கும் உண்டு. 2019-21-இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருப்போர் ஏறத்தாழ 75 விழுக்காடு. இணையத்தைப் பயன்படுத்தியிருப்போர் பாதிக்கும் குறைவு. சாதாரணக் கைப்பேசியில் மணியடித்து வரும் அழைப்பு பெரும்பாலோரைச் சென்றடையும். செயலி பாதிப் பேரை விட்டுவிடும்.

தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்குக் கைப்பேசி வேறொரு வகையில் உதவலாம். வெளிநாட்டில் வேலை செய்யும் சபுராளி வாப்பா (தந்தை) இரவில் வீடியோ அழைப்பில் வரும்போது, நாள் முழுக்கச் சேர்த்துவைத்த புகார்களை உம்மா (தாய்) ஒப்பிக்கிறார். வாப்பா திரையிலிருந்தே அதட்டுகிறார். பிள்ளைக்கு வாப்பா என்றால் அதட்டும் முகம் என்று பதிகிறது. அதற்குப் பதில் அன்று பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் உம்மா முன்பே குரல்செய்தியாக அனுப்பி வைத்தால், வாப்பா அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து ஒரு தந்தை கொடுக்கக்கூடிய பாராட்டு அது, செலவே இல்லாமல்.

ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளையின் கைப்பேசியைப் பூட்டும், நேரத்தை எண்ணும் செயலிகள் பெற்றோருக்குப் பயன்படும். ஆனால் அவை பூட்டுதான், பயிற்சி அல்ல. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள், மருந்து பற்றியும் தண்டனை பற்றியும் தவறாகச் சொல்லிவிடக்கூடும். குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பார்த்துச் சரி செய்த பாடத்தை மட்டுமே அனுப்ப வேண்டும். பிள்ளையின் பெயர், படம், செய்த தவறு இவற்றையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. பத்து வருடம் கழித்தும் அது எங்கோ இருக்கும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கி, அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. ஊர் மட்டத்தில் நடத்துகிறவர்களும் அதே கண்டிப்போடு இருக்க வேண்டும்.

எல்லா அடமும் அடம் இல்லை என்பதும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். பேச்சு வராத பிள்ளை, சொல்ல முடியாததால் கடிக்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது; வளர்ச்சிக் குறைபாடு தென்பட்டால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. நல்ல குரல்செய்தித் திட்டம் முதல் வாரமே நாலைந்து கேள்வி கேட்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளை அந்தக் குழுவிடம் சேர்க்க வேண்டும். தாயே தாங்க முடியாமல் இருந்தால் 14416 எண்ணில் 'டெலி மானஸ்' மனநல உதவி அழைப்பு இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கே ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

அப்படியொரு குரல்செய்தித் திட்டத்தைத் தொடங்குவதற்கு இந்தக் கரையிலேயே ஒரு காலம் காத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தப் படகுகளில் வேலைக்குப் போகும் தந்தையர் வீட்டில் இருக்கிறார்கள்; அதில் பெரும்பகுதி பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. கைச்செலவு இறுகி, எல்லோரும் ஒரே கூரையடியில் இருக்கும் அந்த நாட்களில்தான் கை ஓங்குவதும் அதிகம் நேரக்கூடும். எட்டு வாரம் இருக்கிறது. தினம் இரண்டு நிமிடக் குரல்செய்தி. இவ்வூர்ப் பெண் ஒருவரே பேசியது. பத்து வீட்டுக்கு ஒருவர் என்று அங்கன்வாடிப் பணியாளரோ, படித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளம்பெண்ணோ வாரம் ஒரு முறை அழைப்பார். அவருக்கு உரிய பயிற்சியும் மதிப்பூதியமும் உண்டு.

முதல் வாரத்தில் வேலை ஒன்றே ஒன்று: தினம் ஐந்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, பிள்ளை சொல்கிற விளையாட்டை விளையாடுவது. சிப்பி அடுக்குவதோ, மணலில் வள்ளம் செய்வதோ, எதுவானாலும் சரி. கைப்பேசி அப்போது பரண்மேல். வியாழக்கிழமை மாலை அழைப்பு வரும்: "அக்கா, இந்த வாரம் எத்தன நாள் உக்காந்தீங்க?" இந்தப் பக்கத்திலிருந்து தயங்கி ஒரு பதில்: "மூணு நாள்தான் முடிஞ்சுச்சு." அழைத்தவர் குறிப்பேட்டில் 3 என்று எழுதிக்கொண்டு, அந்த மூன்று நாளில் பிள்ளை என்ன விளையாடச் சொன்னது என்று கேட்கத் தொடங்குவார்.